ஜப்பானின் 3-4-2-1: ஆள் கணக்கு, பிரஸ்ஸிங், அது உடையும் இடங்கள் (விவாத இழை)

#1 | பின்வரிசை

2022 உலகக் கோப்பையில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் ஜப்பான் வென்றதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "இடைவேளையில் பயிற்சியாளர் மொரியாசு ஃபார்மேஷனை மாத்தினார், ஆட்டம் திரும்பிடுச்சு" என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். எதை மாற்றினார், எதற்காக மாற்றினார் என்பதைத்தான் இந்த இழையில் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். அந்த மாற்றத்தின் உயிர் "யார் யாரைப் பிடிப்பது" என்ற பங்கீட்டில் இருக்கிறது என்பது என் கட்சி. 4-2-3-1, 3-4-2-1 என்பதெல்லாம் (கோல்கீப்பரை விட்டு, பின்னிருந்து முன்னாக ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை பேர்) அந்தப் பங்கீட்டுக்கு நாம் வைத்திருக்கும் சுருக்கப் பெயர்கள்.

ஜெர்மனி ஆட்டம், 2022 நவம்பர் 23, கலீஃபா மைதானம். பந்து கையில் இருக்கும்போது ஜெர்மனி நின்ற விதம்: தாளில் வலது பேக் என்று இருந்த ஸ்யூலே மேலே ஏறவே இல்லை. ருடிகர், ஷ்லோட்டர்பெக் இருவரோடும் சேர்ந்து பின்னால் மூவராக நின்றார். அவர்களுக்கு முன் கிம்மிக், குண்டோகன். இடது பேக் ரௌம் விங்கர் போலக் கோட்டோரம் உச்சிக்கு ஏறினார், முசியாலா உள்ளே வந்தார். நடுவில் முல்லரும் ஹாவெர்ட்ஸும், வலது ஓரத்தில் நாப்ரி. அதாவது 3-2-5.

ஜப்பான் முதல் பாதியில் 4-4-2. இப்போது வரிசை வரிசையாக எண்ணுங்கள். முன்னால் மயேதா, கமாதா இருவர், எதிரே மூவர். பின்னால் நால்வர், எதிரே ஐவர். நடுவில் ஜப்பானுக்கு நால்வர், ஜெர்மனிக்கு இருவர். மிச்சமான அந்த இரண்டு பேர், அதாவது விங்கர்கள் ஜுன்யா இட்டோவும் குபோவும், முன்னாலும் உதவவில்லை, பின்னாலும் உதவவில்லை. இட்டோ ஷ்லோட்டர்பெக்கை நோக்கி ஏறினால் ரௌம் தனியாள். ரௌமோடு இறங்கினால் ஷ்லோட்டர்பெக் தலையைத் தூக்கி நிதானமாகப் பாஸ் தேடுவார். வலது பேக் சகாய் முசியாலாவோடு உள்ளே இழுபட்டுக்கொண்டே இருந்தார். 33ஆம் நிமிடப் பெனால்டி கோல் வந்த வழியும் அதுதான். கிம்மிக் தூக்கிப் போட்ட பந்து பெனால்டி பகுதிக்குள் தனியாக நின்ற ரௌமிடம் போனது. ஜப்பான் கோல்கீப்பர் கோண்டா அவரைத் தடுக்கப் போய்த் தள்ளிவிட்டார். அடித்தவர் குண்டோகன்.

இடைவேளையில் குபோ வெளியே, தொமியாசு உள்ளே. மூன்று சென்டர்பேக், இரண்டு விங்பேக் (கோட்டோரம் பின்னாலும் முன்னாலும் ஓடுபவர்). மறுபடி எண்ணிப் பாருங்கள்: பின்னால் 5க்கு 5, நடுவில் 2க்கு 2, முன்னால் 3க்கு 3. ஜெர்மனியின் 3-2-5ஐக் கண்ணாடியில் பார்த்த மாதிரி 5-2-3. யாரும் இரண்டு பேருக்கு நடுவில் தவிக்க வேண்டியதில்லை.

#2 | கோல்கிக்

கணக்கு சரிதான் அண்ணே, ஆனா முழுக் கதை இது இல்ல. 5க்கு 5 ஆனப்புறமும் ஜெர்மனிக்கு வாய்ப்பு குறையல. 60ஆவது நிமிஷம் குண்டோகன் அடிச்சது போஸ்ட்ல பட்டுச்சு. 70ஐ ஒட்டி ஒரே தாக்குதல்ல வரிசையா வந்த ஷாட்களை கோண்டா தடுத்தார். அதுல ஒண்ணு உள்ள போயிருந்தா 2-0, நாம இப்ப இந்த இழையே போட்டிருக்க மாட்டோம்.

இன்னொண்ணு. 83ல அசானோ போட்ட வெற்றி கோல் எப்படி வந்துச்சு? இதாகுரா சொந்தப் பாதியில இருந்து எடுத்த ஃப்ரீகிக். நீளமா ஒரு பந்து. ஸ்யூலே லைன்ல இருந்து பின்தங்கி நின்னு அசானோவை ஆன்சைடு ஆக்கிட்டார். அசானோ முதல் டச்ல அருமையா இறக்கி, ஷ்லோட்டர்பெக்கைத் தோள்ல தாங்கிக்கிட்டே போய் ஜெர்மனி கோல்கீப்பர் நோயர் தலைக்கும் கம்பத்துக்கும் நடுவுல அடிச்சார். பிரஸ்ஸிங்குக்கும், அதாவது மேல ஏறி பந்துக்காரரை நெருக்கறதுக்கும், இதுக்கும் என்ன சம்பந்தம்?

#3 | பின்வரிசை

கோல்கிக், அசானோ கோல் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அது ஜெர்மனியின் பின்வரிசைப் பிழையும் அசானோவின் முதல் டச்சும் சேர்ந்தது.

ஆனால் ஆள் சமம் என்றால் வாய்ப்பே வராது என்று நான் சொல்ல வரவில்லை. பந்தைப் பிடுங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம். முதல் பாதியில் பிடுங்கிய இடத்தில் இட்டோவும் குபோவும் சொந்தப் பெனால்டி பகுதியை ஒட்டி நின்றார்கள், ஓடுவதற்கு 70 மீட்டர். 8ஆம் நிமிடம் மயேதா ஆஃப்சைடாகப் போட்ட அந்த ஒரு தாக்குதலைத் தவிர வெளியே வர வழியே இல்லை. இரண்டாம் பாதியில் முன் மூவரும் ஜெர்மனியின் பின் மூவருக்கு எதிரே நின்றபடி இருந்தார்கள்.

மாற்று வீரர்களின் வரிசையையும் பாருங்கள். 57ல் நாகாதோமோவுக்கு மிதோமா, மயேதாவுக்கு அசானோ. 71ல் தனாகாவுக்கு தோவான், கமாதா கீழே இறங்கி எண்டோவின் பக்கத்துக்கு வந்தார். 75ல் சகாய்க்கு மினாமினோ, இட்டோ வலது விங்பேக் ஆனார். இரண்டு விங்பேக்கும் விங்கர்கள், சென்டர்பேக் மூவரையும் எண்டோவையும் விட்டால் எல்லாரும் தாக்குபவர்கள். பின்னால் மூவர் இருந்ததால்தான் அந்தத் துணிச்சல் செல்லுபடியானது. சமன் செய்த கோல் அந்த அமைப்பின் பிள்ளை: இடது விங்பேக் மிதோமா உள்ளே வெட்டி வந்து மினாமினோவுக்குக் கொடுத்தார். மினாமினோ தாழ்வாக அடித்ததை நோயர் தட்டிவிட, எதிர்ப்புறத்திலிருந்து வந்த தோவான் முடித்தார்.

#4 | செவ்வந்தி

தொடர்ந்து படித்துக்கொண்டு வருகிறேன், ஒரு சந்தேகம். ஐந்து பேர் பின்னால் நின்றால் அது தற்காப்பு ஆட்டம்தானே? அதிலிருந்து எப்படி மேலே போய் பிரஸ் செய்ய முடிகிறது? குறிப்பாக விங்பேக்குக்கு எப்போது ஏற வேண்டும் என்று எப்படித் தெரியும்?

#5 | வலதுகோடி

செவ்வந்தி, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இந்த ஃபார்மேஷனின் சாவி விங்பேக் கையில்தான். அவர் கீழே இருந்தால் 5-4-1. அவர் எதிரணி ஃபுல்பேக் (வலது அல்லது இடது பேக்) மேல் பாய்ந்தால் அதே பதினொருவர் 3-4-3. இடையில் ஏறக்குறைய 20, 25 மீட்டர் ஓட்டம்தான் வித்தியாசம்.

பாயும் நேரம் இப்படி. எதிரணி சென்டர்பேக் ஃபுல்பேக்குக்குப் பாஸ் கொடுக்கும்போது, பந்து அவர் காலை விட்டுக் கிளம்பிய நொடியே விங்பேக் கிளம்ப வேண்டும். பந்து போய்ச் சேர்ந்ததும் ஓடலாம் என்று காத்திருந்தால் தோற்றுவிட்டீர்கள். 15 மீட்டர் பாஸ் போய்ச் சேர ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அந்த நேரத்தில் விங்பேக் தனக்கும் ஃபுல்பேக்குக்கும் உள்ள தூரத்தை முடிந்த அளவு குறைத்திருக்க வேண்டும். கடைசி இரண்டு மூன்று மீட்டரில் வேகத்தைக் குறைத்து, உள்பக்கத்தை மறைத்தபடி நெருங்க வேண்டும், அப்போது ஃபுல்பேக்குக்குக் கோட்டோரம் மட்டும்தான் வழி.

பச்சை விளக்கு எரியும் தருணங்கள்: வாங்குபவர் தன் சொந்தக் கோல் போஸ்ட்டைப் பார்த்தபடி, முதுகைக் காட்டி வாங்கும்போது. பாஸ் மெதுவாகவோ எம்பியோ வரும்போது. கோல்கீப்பருக்குத் திருப்பி அனுப்பப்படும் பாஸ், அவருடைய பலவீனக் காலுக்குப் போகும்போது.

விங்பேக் பாய்ந்தால் மற்றவர்கள் கூடவே நகர வேண்டும். அந்தப் பக்கச் சென்டர்பேக் வெளியே சரிந்து விங்கரைப் பிடிக்க வேண்டும். நடு சென்டர்பேக் ஸ்ட்ரைக்கரோடு ஒட்ட வேண்டும். எதிர்ப்பக்க விங்பேக் உள்ளே சுருங்கி நால்வர் வரிசை ஆக்க வேண்டும். இந்த நான்கு அசைவில் ஒன்று தாமதித்தாலும் ஓட்டை விழும். பெரும்பாலும் தாமதிப்பது சென்டர்பேக்தான். தன் இடத்தை விட்டு 15 மீட்டர் வெளியே வர அவருக்குத் தைரியம் வேண்டும். தொமியாசு ஃபுல்பேக்காகவும் இதாகுரா நடுக்களத்திலும் ஆடிப் பழகியவர்கள் என்பதால்தான் ஜப்பானுக்கு இது கைவந்தது.

#6 | ஆறாம் எண்

வலதுகோடி சொன்னதை அப்படியே ஸ்பெயின் ஆட்டத்தில் பார்க்கலாம். டிசம்பர் 1, அதே கலீஃபா மைதானம். ஜப்பான் தொடக்கத்திலிருந்தே 5-4-1. முதல் பாதி முழுக்கக் கீழே உட்கார்ந்தார்கள். 11ல் அஸ்பிலிகுவேட்டா கிராஸ், மொராட்டா தலை, 1-0. இடைவேளையில் குபோவுக்கு தோவான், நாகாதோமோவுக்கு மிதோமா.

இரண்டாம் பாதி தொடங்கியதும் ஆளுக்கு ஆள். ஸ்பெயின் 4-3-3. தோவானும் கமாதாவும் சென்டர்பேக் ரோட்ரி, பாவ் டோரஸ் மேல். இட்டோ இடது பேக் பால்டே மேல். மிதோமா வலது பேக் கார்வஹால் மேல். மோரிதா, தனாகா இருவரும் கவி, பெட்ரி மேல். பின்னால் மூவர் மொராட்டா, ஓல்மோ, நிக்கோ வில்லியம்ஸ் மூவருக்கும். மிச்சம் புஸ்கெட்ஸ். அவரை யார் பிடிப்பது?

அங்கேதான் மயேதாவின் வேலை. முதலில் புஸ்கெட்ஸை ஒட்டி நின்று, பந்து பின்னால் போனதும் அவரைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்தபடி வளைந்து கோல்கீப்பரை நோக்கி ஓடுவது. ஓடும் கோட்டாலேயே பின்னால் இருப்பவருக்குப் போகும் பாஸை மறைத்துவிடுவார். நேர்கோட்டில் ஓடினால் இந்த மறைப்பு போய்விடும். புஸ்கெட்ஸ் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாலே திறந்துவிடுவார். ஒரே ஆள் இரண்டு பேரைப் பார்க்கும் இந்த வேலைக்கு வேகமும் வேண்டும், பந்து வராது என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப ஓடும் மனமும் வேண்டும். மயேதா எத்தனை கோல் போட்டார் என்று மட்டும் கேட்பவர்கள் இந்த ஓட்டத்தை ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

48ஆம் நிமிடம் பாருங்கள். நெருக்கடியில் ஸ்பெயின் கோல்கீப்பர் உனாய் சிமோன் பந்தை எம்பவிட்டு பால்டேவுக்கு அனுப்புகிறார். அது காற்றில் இருக்கும்போதே இட்டோ அங்கே வந்துவிட்டார். மோதலில் சிதறிய பந்து தோவானுக்கு. பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து இடது காலில் ஒரே அடி. சிமோனின் கையில் பட்டும் நிற்கவில்லை. வலது விங்பேக் எதிரணியின் இடது பேக் பக்கத்தில் நிற்கிறார் என்றால், "ஐந்து பேர் பின்னால்" என்ற சொல்லுக்கு அந்த நொடியில் பொருளே இல்லை.

#7 | கோல்கிக்

இது ஒத்துக்கறேன். ஆனா எண்டோவை விட்டுட்டீங்களே, நடுவுல அவரும் தனாகாவும்தானே ஆரம்பிச்சாங்க?

அப்புறம் அந்த பிரஸ் எவ்வளவு நேரம்னு பாருங்க. 51ல தனாகா கோல். தோவான் குறுக்கே அனுப்பினதை மிதோமா கோட்டு மேல இருந்து திருப்பிவிட்டார், பந்து 2 மில்லிமீட்டருக்கும் குறைவா உள்ள இருந்துச்சுன்னு வீடியோ நடுவர் முடிவு. அதோட சரி. அடுத்த 40 நிமிஷம் திரும்பவும் 5-4-1, பெட்டிக்கு (பெனால்டி பகுதிக்கு) முன்னாடி சுவர். மொத்த ஆட்டத்துல ஜப்பான்கிட்ட பந்து இருந்தது 17.7 சதவீதம். பதிவு வெச்சிருக்கற காலத்துல உலகக் கோப்பையில ஜெயிச்ச அணிக்கு இதுதான் குறைஞ்ச அளவு. இதை பிரஸ்ஸிங் டீம்னு சொல்றது சரியா?

#8 | ஆறாம் எண்

ஸ்பெயினுக்கு எதிராகத் தொடங்கியது மோரிதாவும் தனாகாவும். எண்டோ 87ல்தான் உள்ளே வந்தார்.

"எவ்வளவு நேரம்" என்ற கேள்விக்கு: ஆளுக்கு ஆள் பிரஸ்ஸை 90 நிமிடமும் எந்த அணியாலும் ஓட முடியாது. ஜப்பான் அதைச் சேமித்து வைத்துச் செலவழித்தது. இடைவேளைக்குப் பிந்தைய முதல் 5, 10 நிமிடம், எதிரணி இன்னும் பழைய படத்தை மனதில் வைத்திருக்கும்போது. புதுக் கால்கள் இரண்டு இறங்கிய கையோடு. எதிராளி தன்னைச் சரிசெய்வதற்குள் கோல், பிறகு மூடிக்கொள்வது. 68ல் கமாதாவை எடுத்துவிட்டு தொமியாசுவை வலது விங்பேக்காகப் போட்டதும் அந்த மூடும் வேலைதான். முதல் பாதியிலேயே இதாகுரா, தனிகுச்சி, யோஷிதா மூவரும் மஞ்சள் அட்டை வாங்கியிருந்தார்கள். மூவரையும் திறந்தவெளியில் ஒற்றைக்கு ஒற்றை நிறுத்தி இன்னொரு 40 நிமிடம் ஓட்டினால் பத்துப் பேராகும் அபாயம். பின்வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

#9 | பின்வரிசை

இனி உடையும் இடங்களுக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியம்.

முதல் வகை, பிரஸ் செய்ய எதிரணி பந்தையே வைத்துக்கொள்ளாதபோது. நவம்பர் 27, கோஸ்டா ரிக்கா. அவர்களே ஐவரைப் பின்னால் வைத்து உட்கார்ந்துகொண்டார்கள். பிடுங்க ஒன்றும் இல்லை. இரண்டாம் பாதியில் ஹிரோகி இட்டோவை இறக்கி மூன்று சென்டர்பேக் ஆக்கியும் பயனில்லை, ஒரே ஸ்ட்ரைக்கருக்கு எதிராக மூவர் நின்றால் இரண்டு பேர் உபரி. அந்த இருவரில் ஒருவர் பந்தோடு ஏறி நடுக்களத்தில் ஆளைக் கூட்ட வேண்டும், அது போதிய அளவு நடக்கவில்லை. 81ல் யோஷிதாவின் அரைகுறை கிளியரன்ஸ், தெஹேதா கொடுக்க ஃபுல்லர் அடித்தார், 0-1.

இரண்டாம் வகை, எதிரணி பிரஸ்ஸைத் தலைக்கு மேல் தாண்டும்போது. டிசம்பர் 5, குரோஷியா. மயேதா 43ல் கோல் போட்டும், 55ல் லோவ்ரென் ஆழத்திலிருந்து அனுப்பிய கிராஸை பெரிசிச் தலையால் முடித்தார். லோவ்ரென் மேல் யாரும் நெருக்கவில்லை. பந்து வைத்திருப்பவருக்கு நேரம் கொடுத்தால் பெட்டிக்குள் எத்தனை பேர் நின்றாலும் உயரமும் நேரக்கணிப்பும்தான் பேசும். பிறகு பெனால்டியில் 1-3.

இதன் பெரிய பதிப்பு 2024 பிப்ரவரியில் ஆசியக் கோப்பைக் காலிறுதி, ஈரான். மோரிதாவின் கோலால் முன்னிலை. இரண்டாம் பாதியில் ஈரான் நடுக்களத்தையே தவிர்த்து நேராக ஸ்ட்ரைக்கர் அஸ்மூனுக்கு நீளப் பந்துகள். 55ல் மொஹெபி சமன், 90 நிமிடத்துக்குப் பிந்தைய இஞ்சுரி டைமில் ஜஹான்பக்ஷ் பெனால்டி, 1-2. அன்று பின்னால் நால்வர். இதாகுரா திணறுவது கண்ணுக்குத் தெரிந்தும் மூன்றாவது சென்டர்பேக் வரவில்லை. 2022 உலகக் கோப்பையில் இடைவேளையிலேயே மாற்றத் துணிந்த அதே பயிற்சியாளர் இங்கே காத்திருந்தது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம். அதே தொடரில் குழுச் சுற்றில் அய்மன் ஹுசைன் தலையால் இரண்டு போட்டு ஈராக் 2-1 என்று எச்சரித்திருந்தது.

#10 | வலதுகோடி

நீளப் பந்துக்கு மூன்றாவது சென்டர்பேக் பாதி மருந்துதான். மீதிப் பாதி இரண்டாவது பந்து. தலையில் பட்டுத் தெறிக்கும் பந்து பெரும்பாலும் 10, 15 மீட்டருக்குள் விழும். அந்த இடத்தில் இரண்டு நடுக்கள வீரர்களும் இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் பிரஸ்ஸில் அவர்கள் எதிரணி நடுக்களத்தை ஒட்டி மேலே ஏறியிருப்பார்கள். நீளப் பந்து கிளம்பும்போது அவர்களுக்கும் சென்டர்பேக் வரிசைக்கும் நடுவில் 25 மீட்டர் பாலைவனம். ஆகவே கோல்கீப்பர் கால் ஓங்கிப் பின்னால் எடுத்ததும் இருவரும் திரும்பி ஓடத் தொடங்க வேண்டும், பந்து பறந்த பிறகு அல்ல.

2024 ஜூனிலிருந்து 3-4-2-1ஐத் தொடக்க அமைப்பாகவே எடுத்துக்கொண்டு, மிதோமாவையும் தோவானையும் விங்பேக்காக நிறுத்தினார்கள். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சீனா 7-0, பஹ்ரைன் 5-0, ஜெத்தாவில் சவுதி 2-0. தடுமாறியது அக்டோபரில் சைத்தமாவில் ஆஸ்திரேலியாவோடு 1-1. அவர்களும் ஐவர் பின்வரிசை. இரு பக்கமும் ஒரே கணக்கு என்றால் யாரும் தனியாள் ஆக மாட்டார்கள், யாராவது ஒருவர் தன் ஆளைத் தாண்டியே ஆக வேண்டும். மாற்று வீரராக வந்த நகாமுரா இடது ஓரத்தில் தாண்டிப் போட்ட தாழ்வான கிராஸ்தான் பர்ஜெஸின் சொந்த கோலானது.

#11 | செவ்வந்தி

அப்படியானால் 2025 அக்டோபர் 14, டோக்கியோவில் பிரேசில்? 0-2 பின்தங்கி 3-2. அங்கே ஆள்கூட மாற்றாமல் இடைவேளைக்குப் பிறகு ஆட்டம் மாறியது போல் தெரிந்தது.

#12 | ஆறாம் எண்

சரியாகக் கவனித்தீர்கள். அங்கே எண்கள் மாறவே இல்லை, முதல் பாதியும் 3-4-2-1, இரண்டாம் பாதியும் 3-4-2-1. தொடங்கும் உயரம் மட்டும் மாறியது. முதல் பாதியில் நடுக்கோட்டுக்குக் கீழே காத்திருந்தார்கள். பந்துக்காரர் மேல் அழுத்தம் இல்லாததால் பிரேசில் நடுக்களம் முன்னால் பார்த்துப் பாஸ் போட்டது. 26ல் வலது பேக் பாவ்லோ ஹென்ரிக் ஆழத்திலிருந்து ஓடி வந்து வாங்கி முடித்தார். 32ல் பக்கேட்டா தூக்கிப் போட்டதை மார்டினெல்லி. இரண்டும் வரிசையின் முதுகுக்குப் பின்னால் விழுந்த பந்துகள்.

இடைவேளைக்குப் பிறகு உயேதா, மினாமினோ, குபோ மூவரும் பிரேசில் சென்டர்பேக் வரிசை வரை போய் நெருக்கினார்கள். 52ல் ஃபாப்ரிசியோ புரூனோ நெருக்கடியில் தடுமாறிப் பந்தைத் தவறவிட, மினாமினோ அடித்தார். பிறகு வந்த ஜுன்யா இட்டோ வலமிருந்து போட்ட கிராஸுக்குத் தூர முனையில் இடது விங்பேக் நகாமுரா, 62. இட்டோவின் கார்னரில் உயேதா தலை, 71. பிரேசிலை ஜப்பான் வென்றது அதுவே முதல் முறை. பின்வரிசை சொன்ன "பங்கீடு" என்பதோடு "எந்த உயரத்தில்" என்பதையும் சேர்த்தால்தான் முழுமை.

#13 | பின்வரிசை

ஏற்கிறேன், #1ல் உயரத்தை நான் விட்டுவிட்டேன்.

#14 | கோல்கிக்

என் பங்குக்கு ஒண்ணு. பயிற்சியில இதைப் பழக்க என்ன வழி? ஆட்டத்தைப் பார்த்து புரியுது, மைதானத்துல செய்யச் சொன்னா பசங்க எல்லாரும் பந்து மேலயே ஓடறாங்க.

#15 | வலதுகோடி

முழுப் பதினொருவரை வைத்துத் தொடங்காதீர்கள் தம்பி. அரை மைதானம், முழு அகலம். ஒரு பக்கம் கோல்கீப்பர், நான்கு டிஃபெண்டர், ஒரு நடுக்கள ஆள், ஆறு பேர். எதிரே ஒரு ஸ்ட்ரைக்கர், இரண்டு உள் ஃபார்வர்டு (ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நிற்கும் இருவர்), இரண்டு விங்பேக், ஐந்து பேர். விங்பேக் இருவரும் நடுக்கோட்டில் நின்று தொடங்க வேண்டும், ஓடும் தூரம் உண்மையாக இருக்க. கோல்கீப்பர் பாஸோடு ஆரம்பம். ஐவருக்கு 8 நொடி. அதற்குள் பிடுங்கினாலோ வெளியே தள்ளினாலோ அவர்களுக்குப் புள்ளி. ஆறு பேர் நடுக்கோட்டைப் பந்தோடு தாண்டினால் அவர்களுக்கு. 8 முறை, நடுவில் 40 நொடி ஓய்வு, பிறகு பக்கம் மாற்றுங்கள்.

பார்க்க வேண்டிய தவறு ஒன்றுதான். ஃபுல்பேக்குக்குப் பந்து போனதும் உள் ஃபார்வர்டும் விங்பேக்கும் இரண்டு பேரும் அவர் மேல் ஓடுவார்கள். சென்டர்பேக் தனியாள் ஆகிவிடுவார், பந்து திரும்பி அவரிடம் போய் மறுபக்கம் மாறும். "ஃபுல்பேக் விங்பேக்குக்கு, நீ உன் சென்டர்பேக்கை விடாதே" என்று உள் ஃபார்வர்டுக்குச் சொல்லுங்கள். அது படிந்த பிறகுதான் பின்னால் மூவரையும் அவர்களுக்கு எதிரே மூவரையும் சேர்த்து 8க்கு 9 ஆக்குங்கள்.